யமனிடம் வழக்காடியவள்: தமிழ் மேடையிலும் திரையிலும் சாவித்திரி கதை

வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையே பாலாற்றங்கரையில் உள்ள ஊர் பள்ளிகொண்டா. இந்தப் பகுதியில் மாசி மாதத்தில் மரணத்தை நினைக்கும் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று மயானக் கொள்ளை. மாசி அமாவாசையையொட்டி அங்காளம்மன் ஊர்வலமாகச் சுடுகாட்டுக்குச் செல்வாள். காளி வேடம் கட்டியவர்களோடு ஊரே ஆற்றங்கரையில் கூடும். உயிரோடிருப்பவர்கள் சாவின் வீட்டுக்குப் போய்வரும் நாள் அது. மற்றொன்று, மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில் சில வீடுகளில் மட்டும் நடக்கும் காரடையான் நோன்பு. அரிசி மாவும் காராமணியும் சேர்த்து அடை தட்டி, வெண்ணெயோடு படைத்து, பெண்கள் கழுத்தில் மஞ்சள் சரடு கட்டிக்கொள்வார்கள். சாவு ஒரு வீட்டுக்கு வந்து வெறுங்கையோடு திரும்பிப் போன கதையை நினைக்கும் நாள் இது.

அந்தக் கதை சத்தியவான் சாவித்திரி. நோன்பு பெரும்பாலும் பிராமணக் குடும்பங்களுக்குள் நின்றுவிட்டது. கதை அப்படி நிற்கவில்லை. கூத்திலும் நாடகத்திலும் பிறகு திரைப்படத்திலும் அது எல்லாச் சாதியாரிடமும் போய்ச் சேர்ந்தது. மரணம் மனித உருவில் வந்து காதலர் நடுவே நிற்கும் கதைகள் உலகெங்கும் உள்ளன. தமிழில் அத்தகைய கதைகளுக்குத் தாய்க்கதை இதுதான். இந்தக் கட்டுரை அந்தக் கதை மேடையிலிருந்து திரைக்கு வந்தபோது எவ்வாறு மாறியது என்பதைப் பார்க்கிறது. யமனுக்கு எதிரே நின்று பேசிய குரல் யாருடையது, பிறகு அது யார் கைக்குப் போனது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

பாரதத்தில் சாவித்திரி

மகாபாரதத்தின் வனபர்வத்தில் இக்கதை வருகிறது. காட்டில் இருக்கும் தருமன், திரௌபதியைப் போல ஒரு பெண்ணை இதற்குமுன் கண்டதோ கேட்டதோ உண்டா என்று மார்க்கண்டேய முனிவரிடம் கேட்கிறான். அதற்கு விடையாகச் சொல்லப்படுவதே சாவித்திரியின் கதை. திரௌபதி அம்மன் கோயில்களும் பாரதக் கூத்தும் நிறைந்த வட தமிழகத்தில் இந்தத் தொடர்பு நினைவில் வைக்கத்தக்கது. சொல்பவர் மார்க்கண்டேயர் என்பதும் சுவையானது. யமனின் பாசக்கயிறு தம்மேல் விழுந்தும் தப்பியவர் என்று புராணம் சொல்லும் முனிவர் அவர்.

மத்திர நாட்டு அரசன் அசுவபதி பிள்ளை வரம் வேண்டிச் சாவித்திரி தேவியை வழிபட்டான். அவள் அருளால் பிறந்த மகளுக்கு அவள் பெயரையே இட்டான். மகள் வளர்ந்ததும் அவளைக் கேட்டு எவரும் வரவில்லை. நீயே போய் உனக்கு ஏற்றவனைத் தேடிக்கொள் என்று தேரில் அனுப்பினான். அவள் தேடிப் பிடித்தது நாட்டை இழந்து, கண்பார்வை இழந்து, காட்டில் வாழும் துயுமத்சேனனின் மகன் சத்தியவானை. அவன் ஓராண்டில் இறப்பான் என்று நாரதர் எச்சரித்தார். தந்தை வேறு ஒருவனைப் பார் என்றார். அவள் மறுத்துவிட்டாள். அதாவது இந்தக் கதை விதிக்கு அடங்கிய பெண்ணின் கதையாகத் தொடங்கவில்லை. தானே வெளியே போய்த் தேர்ந்தெடுத்து, தேர்வை மாற்ற மறுத்த பெண்ணின் கதையாகவே தொடங்குகிறது.

குறித்த நாளில் விறகு வெட்டப் போன சத்தியவான் தலைவலி என்று அவள் மடியில் சாய்கிறான். சிவந்த கண்களும் கையில் கயிறுமாக ஒருவன் வந்து நிற்கிறான். வழக்கமாக உம்முடைய தூதர்கள்தானே வருவார்கள், நீரே வந்திருக்கிறீரே என்று சாவித்திரி கேட்கிறாள். இவன் குணத்தில் உயர்ந்தவன், இவனைக் கொண்டுபோக ஆளனுப்புவது தகாது என்று யமன் விளக்கம் சொல்கிறான். கட்டைவிரல் அளவான உயிரை உடலிலிருந்து கயிற்றால் இழுத்துக்கொண்டு தெற்கு நோக்கி நடக்கிறான். அவளும் பின்னால் நடக்கிறாள். ஏழடி சேர்ந்து நடந்தவர்கள் நண்பர்கள் என்பார்கள், அந்த நட்பின் உரிமையில் பேசுகிறேன் என்று பேச்சைத் தொடங்குகிறாள்.

அதன்பின் நடப்பது வழக்கு. அறம் என்றால் என்ன, நல்லோர் உறவு என்றால் என்ன என்று அவள் பேசப் பேச யமன் மகிழ்ந்து, இவன் உயிரைத் தவிர எதையும் கேள் என்று வரம் தருகிறான். மாமனாருக்குக் கண், அவருக்கு நாடு, தன் தந்தைக்கு நூறு மக்கள், தனக்கும் சத்தியவானுக்கும் நூறு மக்கள் என நான்கு வரங்கள் பெறுகிறாள். ஐந்தாவது முறை யமன், உயிரைத் தவிர என்ற சொல்லை விட்டுவிடுகிறான். முன்பு விதித்த விலக்கை இப்போது நீர் விதிக்கவில்லை என்று சுட்டிக்காட்டிக் கணவன் உயிரையே கேட்டுப் பெறுகிறாள். ஒரு நல்ல வழக்கறிஞரின் காது அவளுக்கு.

வழக்கில் உள்ள கதை இதைச் சற்றுச் சுருக்கிவிட்டது. நூறு பிள்ளை வரம் கேட்டு யமனை ஏமாற்றினாள் என்றுதான் பலரும் சொல்வார்கள். பாரதத்தில் யமன் ஏமாந்தவன் அல்லன். நன்றாகப் பேசுகிறவளிடம் மனமுவந்து தோற்றவன். இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும், பின்னால் யமனைத் திரைப்படம் என்ன செய்தது என்பதைப் புரிந்துகொள்ள இது தேவை.

பாலாற்றங்கரைப் பெண்கள்

பள்ளிகொண்டா என்ற பெயரே ஒரு மனைவியின் கோபத்தோடு தொடர்புடையது. காஞ்சியில் பிரமன் வேள்வி செய்தபோது சரசுவதியை உடன் வைத்துக்கொள்ளவில்லை. சினந்த அவள் ஆறாகப் பெருகி வேள்வியை அழிக்க வந்தாள். திருமால் குறுக்கே படுத்து வெள்ளத்தைத் தடுத்தார் என்பது தலபுராணம். முதலில் படுத்த இடம் பள்ளிகொண்டா, அடுத்தது திருப்பாற்கடல், மூன்றாவது காஞ்சியின் திருவெஃகா என்று சொல்வார்கள். பள்ளிகொண்டாவின் உத்தர ரங்கநாதர் இன்றும் கிடந்த கோலத்தில்தான் இருக்கிறார். சரசுவதிக்குப் பதிலாக வேள்வியில் அமர்ந்தவள் சாவித்திரி என்றும் ஒரு மரபு உண்டு. அசுவபதி வழிபட்ட தேவியின் பெயரும் சாவித்திரி என்பதை மேலே பார்த்தோம்.

அருகிலுள்ள குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நடக்கிறது. அம்மனின் தலை மட்டும் ஊர்வலமாக வந்து உடலில் பொருத்தப்படும். இதன் பின்னுள்ளது ரேணுகையின் கதை. கணவன் சமதக்கினியின் ஆணைப்படி மகன் பரசுராமன் தாயின் தலையை வெட்டினான். பிறகு தந்தையிடமே வரம் கேட்டுத் தாயை உயிர்ப்பித்தான். சாவித்திரி கதையையும் இதையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். இரண்டிலும் வரத்தால் உயிர் மீள்கிறது. ஒன்றில் மனைவி கணவனுக்காகப் பேசி மீட்கிறாள். மற்றொன்றில் கணவன் சொல்லால் மனைவி சாகிறாள், அவளுக்காகப் பேச ஒரு மகன் வேண்டியிருக்கிறது. ரேணுகை தனக்காகப் பேசியதாகக் கதையில் இல்லை. நோன்பு நோற்கப்படுவது முதல் கதைக்கு. ஊர் கூடித் திருவிழா எடுப்பது இரண்டாவது கதைக்கு. ஏன் என்பதற்கு என்னிடம் விடை இல்லை. ஆனால் இந்தப் பகுதிப் பெண்களுக்கு எது நெருக்கமாகப் பட்டிருக்கும் என்று ஊகிக்கலாம்.

சாவு வீட்டோடு சேர்ந்த கூத்து மரபும் இங்கே உண்டு. வட மாவட்டங்களில் ஒருவர் இறந்து காரியம் நடக்கும்போது கர்ண மோட்சம் கூத்து ஆடுவது வழக்கம். கர்ணன் உயிர் பிரிவதைப் பார்த்து அழுவதன் மூலம் அந்த வீட்டார் தங்கள் அழுகையையும் அழுது முடிப்பார்கள்.

மேடை: சங்கரதாஸ் சுவாமிகளின் யமன்

இக்கதையைத் தமிழ் மேடையில் நிலைநாட்டியவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, நாடக ஆசிரியராகத் தமிழகம் முழுதும் அலைந்து, புதுச்சேரியில் மறைந்தவர். இளமையில் அவர் ஏற்ற வேடங்கள் இரணியன், இராவணன், சனீசுவரன், யமன் போன்றவை. அச்சமூட்டுவதில் பெயர் பெற்றவர். சனீசுவரன் வேடத்தைக் கலைக்க விடியற்காலையில் குளத்துக்குப் போனபோது அவரைப் பார்த்த பெண் ஒருத்தி அதிர்ச்சியில் இறந்தாள் என்றும், சாவித்திரி நாடகத்தில் அவர் யமனாகப் பாய்ந்து வந்தபோது பார்வையாளர்களில் இருந்த கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்தது என்றும் நாடக உலகில் சொல்லப்படுகிறது. இவற்றால் மனம் வருந்தி அவர் வேடம் கட்டுவதையே விட்டுவிட்டு எழுதுவதிலும் பயிற்றுவிப்பதிலும் இறங்கினார் என்பது அந்த வரலாற்றின் தொடர்ச்சி.

செய்தி எவ்வளவு கூட்டிச் சொல்லப்பட்டது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் காலத்து யமன் அப்படிப்பட்டவன். தீப்பந்தமோ பெட்ரோமாக்ஸோ மட்டும் உள்ள இரவில், நிஜமாகவே வந்துவிட்டான் என்று பார்ப்பவர் நடுங்கும்படியான யமன். அத்தகைய யமனுக்கு எதிரே நின்று ஒரு பெண் பேசுவதற்கு அப்போதுதான் பொருள் இருந்தது.

சுவாமிகளின் நாடகங்களில் தர்க்கம் முக்கியமானது. வள்ளியும் முருகனும் வாதிடுவது போலவே சாவித்திரியும் சத்தியவானும் வாதிடுவார்கள். சாவித்திரியும் யமனும் வாதிடுவார்கள். சிறப்பு நாடகங்களில் இந்த இடத்தில் நடிகர்கள் அவரவர் திறமைக்கேற்பச் சொந்தமாகவும் பேசுவதுண்டு. விடியும்வரை வாதம் நீளும். மேடையில் பெண் ஒருத்தி ஆண் தெய்வத்துக்கு ஈடாகப் பேசுவதை ஊர் உட்கார்ந்து கேட்டது. பெண்வேடத்தை ஆண்களே கட்டிய குழுக்களில் அந்தக் குரலும் ஆணின் குரலாகவே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1918இல் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் சிறுவர்களாகச் சேர்ந்தவர்களே பின்னால் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று புகழ்பெற்றார்கள். அவர்கள் குழுவில் வளர்ந்தவர் இயக்குநர் ஏ.பி. நாகராஜன். அவரை மறுபடி சந்திப்போம்.

1941: சாந்தா ஆப்தேயின் சாவித்திரி

இந்தியத் திரைப்படம் தொடங்கிய உடனேயே இக்கதையைப் பற்றிக்கொண்டது. தாதாசாகேப் பால்கே 1914இல் சத்தியவான் சாவித்திரியை மௌனப் படமாக எடுத்தார். பேசும்படம் வந்தபின் 1933இல் சி. புல்லையா தெலுங்கில் எடுத்த ‘சாவித்திரி’யில் வேமூரி கக்கய்யா யமனாக நடித்துப் பெரும்பெயர் பெற்றார்.

தமிழில் அதிகம் பேசப்படுவது 1941இல் வெளிவந்த ‘சாவித்திரி’. இயக்கியவர் ஒய்.வி. ராவ். 1937இல் ‘சிந்தாமணி’யை எடுத்து எம்.கே. தியாகராஜ பாகவதரை உச்சிக்குக் கொண்டுபோனவர் அவர். இதில் சத்தியவானாகவும் அவரே நடித்தார். நாரதராக வந்தவர் எம்.எஸ். சுப்புலட்சுமி. அவர் ஆண் வேடத்தில் நடிக்க ஒப்புக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அந்த ஊதியத்தைக் கொண்டுதான் அதே ஆண்டு ‘கல்கி’ இதழ் தொடங்கப்பட்டது. ஒரு பெண்ணிடம் உன் கணவன் சாவான் என்று சொல்லும் வேடத்தில் கிடைத்த பணம், தன் கணவர் சதாசிவமும் நண்பர் கிருஷ்ணமூர்த்தியும் நடத்தப்போகும் பத்திரிகைக்கு முதலாயிற்று.

சாவித்திரியாக நடித்தவர் மராத்தி நடிகை சாந்தா ஆப்தே. இதற்காகத் தமிழ் கற்றுக்கொண்டு சொந்தக் குரலில் பேசினார், பாடினார். ஆனால் அவருடைய முந்தைய வரலாற்றை அறிந்தவர்களுக்கே இந்தத் தேர்வின் முழுச்சுவை தெரியும். 1937இல் வி. சாந்தாராம் இயக்கிய ‘குங்கூ’ என்ற மராத்திப் படத்தில், வயதான மனைவியிழந்தவருக்கு ஏமாற்றிக் கட்டிவைக்கப்பட்ட இளம்பெண்ணாக நடித்தார். அந்தப் பெண் அவரைக் கணவராக ஏற்க மறுத்து வீட்டுக்குள்ளேயே போராடுகிறாள். கடைசியில் கிழவர் தம் தவற்றை உணர்ந்து, அவளை விடுவிப்பதற்காகத் தம் உயிரை மாய்த்துக்கொள்கிறார். அதில் கணவனின் சாவு பெண்ணுக்கு விடுதலை. நான்கு ஆண்டு கழித்துத் தமிழில் அதே நடிகை, கணவனின் சாவைத் தடுக்க யமன் பின்னால் நடந்தார். வாழ்க்கையிலும் அவர் வாதாடத் தயங்காதவர். 1939இல் தாம் பணியாற்றிய பிரபாத் நிறுவனத்தின் வாசலில் உட்கார்ந்து உண்ணாநோன்பு இருந்தவர்.

படம் வந்த காலத்தையும் நினைக்க வேண்டும். விதவை மறுமணத்தை அனுமதிக்கும் சட்டம் 1856இலேயே வந்திருந்தாலும், மேல்சாதிக் குடும்பங்களில் கணவனை இழந்த பெண்ணின் நிலை மாறியிருக்கவில்லை. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு விதவைகளின் மறுமண உரிமைக்கும் பெண்களின் சொத்துரிமைக்கும் தீர்மானம் போட்டது. பெரியார் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் கற்பு என்பதைப் பெண்ணுக்கு மட்டும் விதிப்பதைக் கேள்வி கேட்டார். சாவித்திரிகள் யமனை வெல்கிறார்கள் என்றால், கணவனை இழந்த பெண் போதிய பத்தினியாக இல்லை என்றல்லவா ஆகிறது? கதையை நோன்புக்கதையாக மட்டும் கேட்டால் இந்தக் கொடுமை அதற்குள் இருக்கத்தான் செய்கிறது. தர்க்கமாகக் கேட்டால் வேறொன்று கேட்கிறது. சாவு எப்படிப்பட்ட விதியானாலும் அதனிடமும் கேள்வி கேட்கலாம், கேட்பவள் பெண்ணாகவும் இருக்கலாம். மேடையில் இரண்டும் கலந்தே ஒலித்தன. எது மேலோங்கியது என்பது அன்றைக்கு வேடம் கட்டியவரைப் பொறுத்தது.

‘நவராத்திரி’க்குள் ஒரு கூத்து

1964இல் ஏ.பி. நாகராஜன் இயக்கிய ‘நவராத்திரி’யில் சிவாஜி கணேசனுக்கு ஒன்பது வேடங்கள். அவற்றுள் ஒன்று கூத்துக் கலைஞர் சத்தியவான் சிங்காரம். கதைப்படி நாயகி நளினாவும் அவரோடு வேடம் கட்டவேண்டியதாகிறது. ஆடப்படுவது சத்தியவான் சாவித்திரி. நளினாவாக நடித்தவர் நடிகையர் திலகம் சாவித்திரி. சாவித்திரியே சாவித்திரியாக ஆடினார்.

சுவாமிகளின் மரபிலிருந்து வந்த இயக்குநர் அந்த மரபுக்குச் செய்த காணிக்கை இந்தக் காட்சி. கூத்துக்காரர்களைக் கேலி செய்யாமல், அவர்கள் ஆட்டத்தையும் பாட்டையும் அதன் வேகத்திலேயே காட்டியது. கதையோடும் பொருந்துகிறது. நளினா தந்தை பார்த்த மாப்பிள்ளைக்கு முன் நிற்க விரும்பாமல் வீட்டைவிட்டு வெளியேறியவள். தேரேறிப் போன பாரதத்துச் சாவித்திரியின் தூரத்து உறவினள்தான். ஆனால் இங்கே யமனோடு வாதிடும் பகுதி இல்லை. காதலர் வாதமே எடுத்துக்கொள்ளப்பட்டது.

யமன் சிரிப்புக்கு ஆளான கதை

இதற்குள் யமனுக்கு வேறொன்று நேர்ந்துவிட்டது. 1958இல் வங்காளத்தில் ‘ஜமாலயே ஜீபந்த மானுஷ்’ என்ற படம் வந்தது. உயிரோடிருக்கும் ஒருவன் யமலோகத்துக்குப் போய்ச் சேர்ந்து அங்கே கலகம் செய்கிறான். இறந்துபோன காதலியையும் அங்கே காண்கிறான். பானு பந்தோபாத்யாயின் நகைச்சுவைக்குப் பேர்போன படம். இதையே 1960இல் தெலுங்கில் ‘தேவாந்தகுடு’ என்றும், தமிழில் கே.ஏ. தங்கவேலுவை நாயகனாகக் கொண்டு ‘நான் கண்ட சொர்க்கம்’ என்றும் எடுத்தார்கள். இரண்டையும் இயக்கியவர் சி. புல்லையா. 1933இல் யமனைத் திரையில் கம்பீரமாக நிறுத்திய அதே கைதான், 27 ஆண்டு கழித்து அவனைச் சிரிப்புக்கு ஆளாக்கியது.

அதன்பின் வரிசையாக வந்தன. என்.டி. ராமராவ் நடித்த ‘யமகோலா’ (1977) தமிழில் ‘யமனுக்கு யமன்’ (1980) ஆயிற்று. ‘நவராத்திரி’யில் சத்தியவானாக ஆடிய சிவாஜி இதில் யமனாகவும் நாயகனாகவும் வந்தார். சிரஞ்சீவியின் ‘யமுடிகி மொகுடு’ (1988) ரஜினிகாந்தின் ‘அதிசயப் பிறவி’ (1990) ஆயிற்று. வினு சக்கரவர்த்தி யமன். ‘யமலீலா’ (1994) கார்த்திக்கின் ‘லக்கி மேன்’ (1995) ஆயிற்று. கவுண்டமணி யமன், செந்தில் சித்திரகுப்தன். ஆக, தமிழ்த் திரையின் நகைச்சுவை யமன்களில் பலர் தெலுங்கிலிருந்து வந்தவர்கள்.

இந்தப் படங்களின் யமலோகம் ஒரு தாலுகா அலுவலகம். சித்திரகுப்தன் கணக்கெழுதும் குமாஸ்தா. ஆள் மாறிப்போகிறது, தேதி தவறுகிறது, ஏடு தொலைகிறது. கிங்கரர்கள் சங்கம் அமைத்து உரிமை கேட்கிறார்கள். காஞ்சிபுரத்தில் சித்திரகுப்தருக்கென்றே பழைய கோயில் உள்ளது. ஏடும் எழுத்தாணியுமாக அமர்ந்திருப்பார். அந்தக் கணக்கு தவறாது என்ற நம்பிக்கையின் வடிவம் அது. விடுதலைக்குப் பிந்திய தலைமுறை அலுவலகக் கோப்புகளோடு பழகியது. எந்தக் கணக்கும் தவறாதிருக்காது என்பதை அது நன்றாக அறிந்திருந்தது. யமன்மேல் விழுந்த சிரிப்பில் பாதி அரசாங்கத்தின்மேல் விழுந்தது என்பது என் எண்ணம்.

தவறாக உயிரெடுக்கப்பட்டவன் வேறு உடலில் திரும்பி வரும் கரு அமெரிக்காவிலும் இருந்தது. ‘ஹியர் கம்ஸ் மிஸ்டர் ஜோர்டன்’ என்ற படம் நம் ‘சாவித்திரி’ வந்த அதே 1941இல் வெளியானது.

இந்த நகைச்சுவைப் படங்களில் இழந்தது என்ன என்று பார்த்தால், சாவித்திரியைத்தான். யமனிடம் வாதிடுவது இப்போது நாயகன். அவன் வாதிடுவதும் பெரும்பாலும் தன் உயிருக்காக. நாயகி பூமியில் அழுதுகொண்டோ பாடிக்கொண்டோ காத்திருக்கிறாள். ‘யமலீலா’விலும் ‘லக்கி மேனி’லும் தாய்க்காக மகன் போராடுகிறான், அந்த வகையில் அது சாவித்திரியைவிடப் பரசுராமனுக்கு நெருக்கம். யமனை எளிதில் ஏமாற்றலாம் என்று ஆனபின், அவனைப் பேசி வெல்லத் தெரிந்தவளுக்கு வேலையில்லை.

எழுத்தில் இந்தக் குரல் தொடர்ந்தது. புதுமைப்பித்தனின் ‘காலனும் கிழவியும்’ சிறுகதையில் காலன் ஒரு கிராமத்துக் கிழவியின் குடிசைக்கு வருகிறான். அவளுக்கு அச்சமே இல்லை. பேச்சில் தோற்றுப் போய்விடுகிறான் காலன். அவள் யாருடைய பத்தினியாகவும் வாதிடவில்லை. தனி மனுஷியாக நின்று வாதிடுகிறாள். சாவித்திரிக்குத் தமிழில் நேர்வாரிசு என்று நான் சொல்வது இந்தக் கிழவியைத்தான்.

பிற நாட்டு மரணங்கள்

மேற்கில் மரணம் மனிதரோடு வந்து தங்கும் காதல் படங்களில் முன்னோடி ‘டெத் டேக்ஸ் எ ஹாலிடே’ (1934). இத்தாலிய நாடகாசிரியர் அல்பெர்தோ கசெல்லாவின் 1924ஆம் ஆண்டு நாடகம் இதற்கு மூலம். மனிதர் தன்னைக் கண்டு ஏன் அஞ்சுகிறார்கள் என்று அறிய மரணம் ஓர் இளவரசன் உருவில் விருந்தினனாக வருகிறான். ஒரு பெண் அவனைக் காதலிக்கிறாள். அவன் யார் என்று தெரிந்தபின்னும் அவனோடு போகிறாள். இதையே விரித்து 1998இல் ‘மீட் ஜோ பிளாக்’ வந்தது. பிராட் பிட் மரணமாக வந்து, முதன்முறையாக நிலக்கடலை வெண்ணெயைச் சுவைத்து மயங்குவார். நான்கு ஆண்டு முன்பே ‘யமலீலா’வில் நம் யமதருமர் பூமிக்கு வந்து ஐஸ்கிரீமுக்கு அடிமையாகிவிட்டார் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சாவித்திரிக்கு இன்னும் நெருக்கமானது பிரிட்ஸ் லாங் 1921இல் ஜெர்மனியில் எடுத்த மௌனப் படம் ‘டெர் மூடெ டோட்’. களைத்துப்போன மரணம் என்று பொருள். இதற்குச் சாவித்திரி கதையே தூண்டுதல் என்று சொல்பவர்களும் உண்டு. காதலனைத் திருப்பிக் கேட்கும் பெண்ணுக்கு மரணம் மூன்று வாய்ப்புகள் தருகிறான். பாரசீகத்திலும் வெனிசிலும் சீனத்திலும் நடக்கும் மூன்று கதைகளிலும் அவள் தோற்கிறாள். கடைசியாக வேறோர் உயிரைக் கொண்டு வா என்கிறான் மரணம். தீப்பற்றிய வீட்டிலிருந்து ஒரு குழந்தையைத் தூக்கியவள், அதைக் கொடுக்க மனமின்றித் தாயிடம் சேர்த்துவிட்டுத் தானே இறந்து காதலனைச் சேர்கிறாள். கிரேக்கத்தில் யூரிப்பிடிஸ் எழுதிய ‘அல்செஸ்டிஸ்’ நாடகத்திலும் மனைவி கணவனுக்குப் பதிலாகச் சாகிறாள். அவளை மரணத்திடமிருந்து மீட்பவன் ஹெரக்ளிஸ், மீட்பது மற்போரால்.

இந்தப் பெண்கள் எல்லாருக்கும் அன்பு உண்டு, துணிவு உண்டு. மரணத்திடம் பேசி வழக்கை வென்று, இருவரும் உயிரோடு வீடு திரும்புவது சாவித்திரிக்கு மட்டுமே வாய்த்தது. ஆங்கில இசையமைப்பாளர் கஸ்டாவ் ஹோல்ஸ்ட் இக்கதையை மூன்றே பாத்திரங்கள் கொண்ட சிறு இசைநாடகமாக ஆக்கினார். 1916இல் லண்டனில் அரங்கேறியது. புதுச்சேரியில் அரவிந்தர் ஆயுள் முழுதும் திருத்தி எழுதிய ஆங்கிலக் காவியமும் ‘சாவித்திரி’யே. ஏறத்தாழ 24,000 அடிகள் கொண்டது.

யமன் போன பிறகு

யமன் வரம் கொடுத்துவிட்டுப் போனதும் மேடையில் மங்களம் பாடிவிடுவார்கள். விடிந்திருக்கும், ஆட்களும் கலையத் தொடங்கியிருப்பார்கள். பாரதத்தில் அதன்பின்னும் ஓர் இரவு இருக்கிறது.

சத்தியவான் கண் விழிக்கிறான். நெடுநேரம் தூங்கிவிட்டேன், ஏன் எழுப்பவில்லை, கறுத்த ஒருவன் என்னை இழுத்துப் போனானே, அது கனவா என்று கேட்கிறான். நாளைக்குச் சொல்கிறேன் என்கிறாள் சாவித்திரி. காடு இருட்டிவிட்டது, நரிகள் ஊளையிடுகின்றன. வேண்டுமானால் இங்கேயே தங்கிவிட்டுக் காலையில் போகலாம் என்கிறாள். கண் தெரியாத பெற்றோர் தன்னைக் காணாமல் தவிப்பார்கள் என்று அவன் அழுகிறான். அவள் அவன் கண்ணீரைத் துடைத்து, எழுப்பி நிறுத்துகிறாள். பழக்கூடையைக் காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று மரக்கிளையில் மாட்டுகிறாள். கோடரியை மட்டும் கையில் எடுத்துக்கொள்கிறாள். அவனுடைய இடக்கையைத் தன் இடத்தோளில் போட்டுக்கொண்டு, வலக்கையால் அவனை அணைத்தபடி, இருட்டில் மெதுவாக நடத்திக்கொண்டு போகிறாள்.